மஞ்சள் சிவந்தது

நான்காவது பனியனையும் தேஜஸ்ரீ விரித்துப் பார்த்தாள்.

அதிலும் அதே இடம். கீழ் மடிப்பின் உள்பக்கம், இடது ஓரம். விரல் நுனி அளவுக்குச் செம்பழுப்பாக ஒரு கறை.

ரத்தமா?

ரத்தமாக இருந்தால் நான்கு பேருக்கும் ஒரே இடத்திலா பட்டிருக்கும்? கையுறை போட்ட விரலால் அழுத்திப் பார்த்தாள். காய்ந்து போயிருந்தது. மோந்து பார்த்தாள். வியர்வை நெடியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அவிநாசிபாளையத்தில் தாராபுரம் சாலையை ஒட்டியிருந்த அந்தக் கட்டடம், ஒரு காலத்தில் ஏற்றுமதிப் பெட்டிகள் அடுக்கிய குடோன். இப்போது அதன் நடுவில் வெள்ளையாக, பெட்ரோல் லாரியின் டேங்க்கைக் கழற்றிப் படுக்க வைத்தது போல ஓர் அறை. நிலாவில் நான்கு பேர் ஒரு மாதம் தங்கினால் அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் 'வளர்பிறை ஸ்பேஸ் சிஸ்டம்ஸ்' நிறுவனத்தின் வேலை. காற்று, தண்ணீர், சாப்பாடு, கழிவு, உடை. காகிதத்தில் போட்ட திட்டத்தை எல்லாம் இந்த அறைக்குள் ஆட்களை அடைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள்.

உடை தேஜஸ்ரீயின் பொறுப்பு. நிலாவில் துணி துவைக்க முடியாது. துவைக்கிற தண்ணீரைச் சுமந்து போவதைவிடப் புதுத் துணியைச் சுமந்து போவது லேசு. அதனால் ஒரு பனியனை எத்தனை நாள் விடாமல் உடுத்தலாம், உடம்பு அரிக்காமல், நாறாமல், நூல் உதிராமல் எவ்வளவு தாங்கும் என்பது அவள் கண்டுபிடிக்க வேண்டிய விடை. பனியனைத் தைத்துக் கொடுத்தது வேலம்பாளையத்தில் இருக்கும் யூனிட். முதலாளி தரணீதரன், அவளுடைய உடன்பிறந்த அண்ணன்.

போன வாரம் முதல் சோதனை நடந்தது. நான்கு பேர் ஐந்து நாள் உள்ளே இருந்தார்கள். கதவைத் திறந்ததும் நான்கு பேரும் இருமிக்கொண்டேதான் வெளியே வந்தார்கள். இருவருக்குக் கண் சிவந்திருந்தது.

திட்டத் தலைவர் மாதவன் ஒரே நாளில் காரணத்தைச் சொல்லிவிட்டார். பனியனிலிருந்து பறந்த பஞ்சு. யாரும் மறுத்துப் பேசவில்லை. திருப்பூரில் ஒருவன் இருமினால் பஞ்சு என்பதுதானே முதலில் வாயில் வரும்?

அதனால் நாளைக் காலை பத்து மணிக்கு, நிலாத் திட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் கமிட்டியின் முன்னால் ஆரம்பிக்கும் ஒரு மாதச் சோதனைக்கு வேறு உடை. சென்னையிலிருந்து வந்திருக்கும் நைலான் உடை. மற்ற எல்லாம் பழையபடியே.

தேஜஸ்ரீ செல்போனை எடுத்தாள்.

"அண்ணா, அந்தப் பனியன்ல ஏதாச்சும் வெச்சீங்களா?"

"என்ன கண்ணு, எடுத்ததும் இப்படிக் கேக்கற? என்ன வெக்கறது?"

"கீழ் மடிப்புல. உள்பக்கம்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது; தையல் மெஷின் சத்தம் அடங்கியது. பிறகு தரணீதரன் குரலைத் தாழ்த்தினான்.

"மஞ்ச வெச்சேன் கண்ணு. துளியூண்டு. புதுத்துணி இல்ல? ஆப்பீஸ் ரூம்ல சாமி கும்பிட்டுப்போட்டு, பை ஒட்டறதுக்கு முன்னால என்ற கையாலதான் வெச்சேன். ஆருக்கும் தெரியாது."

தேஜஸ்ரீக்குக் கோபம் தலைக்கேறியது. "எதுவும் சேர்க்கக் கூடாதுன்னு எத்தனை தடவைங்ணா சொன்னேன்? சாஃப்ட்னர் கூடாது, சென்ட் கூடாது, பவுடர் கூடாது. மூடின ரூமுங்க. உள்ள இருக்கற எல்லாமே அவங்க மூச்சுல போகும். ஒண்ணும் சேர்க்கலைன்னு நீங்க கையெழுத்துப் போட்டீங்களே!"

"மஞ்சளு என்ன கெமிக்கலா? நம்மூட்ல கல்யாணத்துக்குக் கட்டற சீலைக்கு வெக்கறதில்லயா? மஞ்ச வெக்காம புதுத்துணிய ஆராச்சும் உடுத்துவாங்களா? விடு கண்ணு. மஞ்சக் கறைதானே, அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"மஞ்சளா இல்லீங்ணா. சிவப்பா இருக்குது."

பனியன் தொழிலில் சாயப்பட்டறைப் பக்கம் போகாதவர்கள் கிடையாது. மஞ்சள் எப்போது சிவக்கும் என்பது தரணீதரனுக்கும் தெரியும். சோப்புப் போட்டுத் துவைத்த மஞ்சள் சீலையைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

"துவைச்சீங்களா?" என்றான் மெதுவாக.

"உள்ள சோப்பே கிடையாதுங்ணா."

"அப்புறம் மஞ்சளச் செவக்க வெக்கற சோடாக்காரம் எங்கிருந்து வந்துச்சு?"

அதற்குள் தேஜஸ்ரீயின் கண் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அந்த வெள்ளை அறைக்குப் போய்விட்டது. அறையின் பின்சுவரில் ஓர் இரும்பு உருளை. உள்ளே இருப்பவர்கள் அதை 'டப்பா' என்பார்கள். அதற்குள் வெள்ளைக் குருணை. மனிதர் விடும் மூச்சிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் காரம். லித்தியம் ஹைட்ராக்சைடு. அதன் தூள் காற்றில் கலந்துவிடாமல் இருக்கக் கம்பளித் தடுப்பு வைத்திருக்கிறது.

தடுப்பு சரியாக இருந்தால் காற்றில் தூள் வராது. மஞ்சளும் சிவக்காது.

"அண்ணா, அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்தாள். இருமல் பஞ்சால் வந்ததில்லை. நாளைக்கு அதே நான்கு பேர் அதே டப்பாவோடு ஒரு மாதம் உள்ளே போகப் போகிறார்கள்.

மாதவன் அவசரப்படாத மனிதர். மதுரைப் பக்கத்துக்காரர். எவ்வளவு பெரிய விஷயமானாலும் டீ குடித்து முடித்த பிறகுதான் பேசுவார். தேஜஸ்ரீ சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"துடைக்கிற ஈர டிஷ்யூல காரம் இருக்கலாமே?"

"பார்த்துட்டேன் சார். பாண்ட்ரியில இருந்து மஞ்சள்தூள் எடுத்துத் துணியில தடவி, அந்த டிஷ்யூவால தேய்ச்சேன். மஞ்சளாவே இருக்கு. டப்பாவுல நிரப்ப ஸ்டோர்ல வச்சிருக்கற குருணையில ரெண்டு எடுத்து ஈரத்துணியில வச்சேன். உடனே சிவந்திடுச்சு. அதே நிறம்."

"உள்ளே சுவரைத் துடைச்சுப் பார்க்க வேண்டியதுதானே?"

"முதல் சோதனை முடிஞ்சதும் சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டாங்களே சார். இப்ப எங்க துடைச்சாலும் காரம்தான் காட்டும். துணி மட்டும்தான் மிச்சம்."

மாதவன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"தேஜஸ்ரீ, நான் ஒரு கமிட்டி மெம்பர் இடத்துல உட்கார்ந்து கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அண்ணன் துணியாலதான் இருமல்னு நான் எழுதினேன். எழுதின நாலாவது நாள் நீங்க வந்து, துணி இல்ல, டப்பான்னு சொல்றீங்க. ஆதாரம் என்னன்னா அதே அண்ணன் வச்ச மஞ்சள். அந்த அண்ணனே எதுவும் வைக்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். இதுல நான் எதை நம்பறது?"

"லேபுக்கு அனுப்பலாம்."

"ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். நாளைக்குக் கமிட்டி வருது."

"டப்பாவைத் திறந்து பார்த்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும் சார்!"

"திறந்தா சீல் போச்சு. மாத்து சீல் வெளிநாட்டிலிருந்து வரணும். ரெண்டு மாசம். இந்தத் திட்டத்துக்கு நம்மோட இன்னும் மூணு கம்பெனி போட்டி போடுது. ரெண்டு மாசம் நமக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க." மாதவனின் குரல் உயரவில்லை. அந்த டப்பாவின் வடிவமைப்பு அவருடையது என்பதை இருவருமே சொல்லவில்லை. "ஒண்ணு செய்யலாம். உங்க அண்ணன் நேர்ல வந்து, கமிட்டி முன்னாடி, நான் போட்ட கையெழுத்து பொய், மஞ்சள் வச்சேன்னு சொல்லட்டும். சொன்னா அந்த நிமிஷமே திறக்கிறேன். இல்லைன்னா பத்து மணிக்குக் கதவு மூடும்."

வேலம்பாளையத்துக்கு தேஜஸ்ரீ போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. யூனிட்டின் வாசலிலேயே பிளெக்ஸ் போர்டு. பனியன் படம், பின்னால் பௌர்ணமி நிலா, ஓரத்தில் கைகூப்பிய தரணீதரன். இந்த ஆர்டர் வந்த நாளிலிருந்து அவனை ஊரே கேலி செய்தது. "ஏனுங்க தரணி, நிலாவுல என்ன சைஸ்ங்க போகுது? எக்ஸெல்லா, டபுள் எக்ஸெல்லா?" என்று பனியன் முதலாளிகள் அசோசியேஷன் கூட்டத்தில் கேட்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "அங்க எடை கம்மிங்க, ஸ்மாலே போதும்" என்பான். உள்ளுக்குள் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அவள் சொல்லி முடித்ததும் அந்த முகம் கறுத்துவிட்டது.

"வேற ஏதாச்சும் வழி சொல்லு கண்ணு."

"வேற வழி இல்லீங்ணா."

"அடுத்த மாசம் ஜெர்மனிக்காரன் ஆடிட்டுக்கு வர்றான். கொழந்தைத் துணி ஆர்டர். அவனுக்கு மொதல் கேள்வியே, உங்க டிக்ளரேஷன நம்பலாமான்னுதான். நான் ஒருக்கா பொய்க் கையெழுத்துப் போட்டவன்னு இந்த ஊருக்குள்ள தெரிஞ்சா, பொறவு எந்த பையர் என்ற பேப்பரைத் தொடுவான்? இந்த ஃப்ளோர்ல இருக்கற சனமெல்லாம் எங்க போகும்?"

"உள்ள போற நாலு பேரு எங்க போவாங்க?"

"நாலு பேருக்கும் இருமல்தானே? மருந்து குடிச்சாச் சரியாயிரும்."

"அஞ்சு நாள்ல இருமல். ஒரு மாசத்துல என்ன ஆகும்னு எனக்கே தெரியாதுங்ணா. அந்தத் தூள் தொண்டையை, நுரையீரலை எல்லாம் புண்ணாக்கும்."

தரணீதரன் பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டிவிட்டு நதியா உள்ளே வந்தாள். செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடமாக இதே யூனிட்டில் இருப்பவள். அவளுடைய கணவன் ஆரோக்கியராஜ்தான் அறைக்குள் போகும் நால்வரில் ஒருவன். பாய்லர், கம்ப்ரஸர் எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பம்பு கெட்டால் சரிசெய்ய உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்று மாதவன் கேட்டபோது அவனை அனுப்பி வைத்தவன் தரணீதரன்.

"மேடம் வந்திருக்கீங்கன்னு சொன்னாவ" என்று நதியா நின்றுகொண்டே பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்கள்லா?"

"கேளுங்க."

"அந்தப் பனியன் பூராத்தையும் நான்தான் செக் பண்ணினேன். பஞ்சு உறிஞ்சற மெஷின்ல ரெண்டு தரம் போட்டுத்தான் மடிச்சேன். ஆனாலும் பஞ்சாலதான் இருமல்னு எல்லாரும் சொல்லுதாவ. லைன் வீட்ல பக்கத்து வீட்டுக்காரி, 'புருசன் உடுத்துத துணியக்கூட ஒழுங்காப் பாக்கமாட்டியாட்டி'ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கா." அவள் தாவணி போலப் போட்டிருந்த துப்பட்டாவின் நுனியைச் சுருட்டினாள். "நான் எங்கயும் கவனிக்காம விட்டுட்டனா மேடம்?"

தேஜஸ்ரீ அண்ணனைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்தான்.

"அவர் எப்படி இருக்காரு இப்ப?"

"எப்படி இருக்காவ? இருமல் நிக்கல. வெளிய தெரிஞ்சா நாளைக்கு உள்ள விடமாட்டாவன்னு மெடிக்கல் செக்கப்புல மூச்சை அடக்கிட்டு நின்னிருக்காவ. வீட்ல தலையணைய வாயில வச்சிட்டு இருமுதாவ. ஏரியாவே இப்ப 'நிலா ராஜ்'னு கூப்பிடுதுல்லா, அந்தக் கிறுக்கு. நான் போகாதியன்னு சொன்னா, 'துணிய மாத்திட்டாங்க, இனி ஒண்ணுமில்ல'ங்காவ. துணிய மாத்திட்டா சரியாயிருமா மேடம்?"

"உன்ற மேல தப்பில்ல நதியா" என்றான் தரணீதரன். "நீ போ."

"அப்ப யாரு மேல சார்?"

"போ நதியா. வேலையப் பாரு."

அவள் போனாள். கதவு மூடியதும் தேஜஸ்ரீ, "அவங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்ணா?" என்றாள்.

"நீ கெளம்பு கண்ணு. பாக்கலாம்."

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். நூல்காரன் பாக்கி கேட்டு வந்தாலும், தொழிலாளி லீவு கேட்டு வந்தாலும் அண்ணன் சொல்லும் வார்த்தை அது. திருப்பூரில் எந்த முதலாளி 'பாக்கலாம்' என்று சொன்னாலும் அதற்கு 'இல்லை' என்றுதான் அர்த்தம்.

மறுநாள் காலை கமிட்டி ஒன்பதரைக்கே வந்துவிட்டது. மூன்று பேர். தலைவி பெயர் விஜயராணி. நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த, விண்வெளி மருத்துவம் படித்த அம்மாள். அறையைச் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் கேட்டார். தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது, சாப்பாட்டு மிச்சம் எங்கே போகிறது, இரண்டு பம்பும் ஒரே சமயத்தில் நின்றால் என்ன செய்வது. மாதவன் தடுமாறாமல் பதில் சொன்னார். டப்பாவைப் பற்றிக் கேட்டபோதும் தடுமாறவில்லை.

தேஜஸ்ரீ அறை வாசலுக்குப் போனாள். நீல நைலான் உடையில் நான்கு பேரும் நின்றார்கள். ஆரோக்கியராஜ் மட்டும் மற்றவர்களோடு பேசாமல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

"ஆரோக்கியராஜ், நீங்க இன்னிக்கு உள்ள போக வேண்டாம்."

"என்ன மேடம், நேரங்கெட்ட நேரத்துல?"

"உங்களுக்கு இன்னும் இருமல் நிக்கலைன்னு எனக்குத் தெரியும். அது பஞ்சு இல்ல. காத்து டப்பாவிலிருந்து தூள் வருது."

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நதியா சொன்னாளா? அவ ஒரு பயந்தாங்கொள்ளி. மேடம், இருவது வருசமா நான் பாய்லருக்குப் பக்கத்துல நிக்கேன். ஒரு பய என்னய ஏறெடுத்துப் பாத்ததில்ல. இப்ப எங்க ஊர்ல பங்குச்சாமியாரு பூசையில என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுதாரு. இதைக் கெடுத்துராதீங்க." பேசிக்கொண்டே வந்தவனுக்கு இருமல் முட்டியது. முகம் சிவக்க அதை விழுங்கினான். கண்ணில் நீர் திரண்டது. "பாத்தீங்களா? அடக்கிட்டேன்" என்று சிரித்தான்.

அவள் நேரே விஜயராணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு மாதவனைப் பார்த்தார்.

"அந்த சப்ளையர் இவங்க அண்ணன், மேடம்" என்றார் மாதவன் சுருக்கமாக. "அவரோட டிக்ளரேஷன் இது. எதுவும் சேர்க்கலைன்னு எழுதிக் கொடுத்திருக்கார். வந்து சொல்லச் சொல்லி நேத்தே கேட்டேன். வரலை."

விஜயராணி அந்தத் தாளைப் படித்தார். தேஜஸ்ரீயைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"ஆரம்பிக்கலாம்" என்றார் மாதவன்.

முதல் இரண்டு பேர் உள்ளே போனார்கள். மூன்றாவதாக ஆரோக்கியராஜ் குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தான்.

குடோனின் ஷட்டர் பக்கம் வேன் வந்து நின்ற சத்தம்.

"ஏனுங்க, ஒரு நிமிஷம் இருங்க. கதவச் சாத்தாதீங்க."

தரணீதரன் நடந்து வந்தான். வேகமாகக்கூட வரவில்லை. அவனுக்குப் பின்னால் நதியா. யூனிட் அடையாள அட்டை இன்னும் அவள் கழுத்தில் தொங்கியது. வேலை நேரத்தில் அப்படியே கூட்டி வந்திருக்கிறான். வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்பது அவள் அவனைவிட்டு விலகி நின்ற தூரத்திலேயே தெரிந்தது.

"நான் தரணீதரனுங்க. பனியன் தெச்சுக் குடுத்தது நானுங்க." அவன் தங்கை பக்கம் திரும்பவே இல்லை. "எல்லாப் பீசுலயும் மஞ்ச வெச்சனுங்க. எதும் சேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டனுங்க."

"ஏன் வச்சீங்க?" என்றார் விஜயராணி.

"புதுத்துணிங்க. பக்கத்து ஊருக்கு விசேசத்துக்கு உடுத்திட்டுப் போற துணிக்கே வெப்போம். இது நிலாவுக்குப் போற துணிங்க. வெக்காம அனுப்ப எனக்கு மனசு வரலீங்க."

கமிட்டியில் ஒருவர் சிரிக்கப் பார்த்தார். விஜயராணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க வச்சப்ப மஞ்சளாத்தான் இருந்ததா?"

"சுத்த மஞ்சளுங்க. ஈரோட்டு மஞ்சளு. எங்க ஊட்லயே அரைச்சது."

விஜயராணி மாதவன் பக்கம் திரும்பினார். மாதவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ஸ்பேனர் எடுத்துட்டு வாங்க" என்றார்.

டப்பாவைக் கழற்ற நேரம் பிடித்தது. மூடி வந்ததும் மாதவன் டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ்ப்பக்கக் கம்பளித் தடுப்பின் ஓரம் ஓரிடத்தில் மடங்கிப் போயிருந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவு சந்து. அதற்கு நேர் கீழே, காற்று வெளியேறும் குழாயின் வாயில், முகப்பவுடர் கொட்டியது போல வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

தேஜஸ்ரீ ஈரத்துணியில் மஞ்சளைத் தொட்டு அந்த இடத்தில் ஒற்றி எடுத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

"அசெம்ப்ளி பண்ணும்போதே மடங்கியிருக்கு" என்றார் மாதவன். "நான்தான் பக்கத்துல நின்னேன்." டார்ச்சை அணைக்க மறந்து கையில் பிடித்தபடி இருந்தார்.

தேஜஸ்ரீ எதிர்பார்த்தது நிம்மதியை. ஆனால் நடந்தது வேறு. வைத்த காலை எடுத்துவிட்டு அறை வாசலிலேயே நின்றிருந்த ஆரோக்கியராஜ் நேரே தரணீதரன் முன்னால் போய் நின்றான்.

"நல்லா இருக்கு சார். நீங்க உண்மையச் சொல்லிட்டீங்க. மேடம் கண்டுபிடிச்சிட்டாவ. என் கதி? இனி ரெண்டு மாசம் கழிச்சு வேற ஆளை எடுப்பாங்க. எனக்கு நெஞ்சுல கோளாறுன்னு எழுதிருவாங்க. நான் மறுபடி பாய்லருக்கா?"

"ஏய், வாய மூடுவே" என்றாள் நதியா. "உசுரோட நிக்கிய. அது போதாதா?"

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். நிற்கவே இல்லை. நதியா அவன் முதுகைத் தடவினாள். தரையில் அவன் துப்பியதில் ஒரு கீற்று சிவப்பு இருந்தது. அது மஞ்சளில்லை.

விஜயராணி தரணீதரனிடம் தாளை நீட்டினார். "நீங்க வந்து சொன்னது பெரிய உதவி. ஆனா பொய் டிக்ளரேஷன் கொடுத்த சப்ளையரோட நாங்க தொடர முடியாது. இது பதிவாகும். வேற வழியில்லை."

"தெரியுமுங்க" என்றான் தரணீதரன். தங்கையைக் கடந்து போகும்போது மட்டும் ஒரு கணம் நின்றான். "நீ மொதல்ல அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

திருப்பூரில் அந்தத் தனியார் மருத்துவமனையில் கூட்டம் அதிகம். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் இளைஞர். களைத்திருந்தார். ஆரோக்கியராஜின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே, "எந்த யூனிட்?" என்று கேட்டார்.

"வேலம்பாளையத்துல சார்."

"நிட்டிங்கா, கட்டிங்கா?"

"பாய்லர்."

"எதுவானா என்ன, பஞ்சுதான்." டாக்டர் எழுத ஆரம்பித்தார். "மாஸ்க் போடச் சொன்னா யாரும் போடறதில்லை. அஞ்சு நாளைக்கு மாத்திரை தர்றேன். சிரப் ஒண்ணு."

ஆரோக்கியராஜ் தலையாட்டினான். அவனுக்குப் பேச அலுப்பாக இருந்தது. பஞ்சு என்றே இருக்கட்டும், சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தான்.

தேஜஸ்ரீயின் போன் அதிர்ந்தது. மாதவன். அறை வாசலுக்கு வந்து எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க?"

"ஆமா சார்."

"எப்படி இருக்கார்?"

"பார்த்துட்டு இருக்காங்க."

"கேளுங்க. டாக்டர்கிட்ட கெமிக்கல் பேரெல்லாம் இப்ப வேண்டாம். பொதுவா டஸ்ட்னு சொல்லுங்க. கமிட்டி ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னால வேலை செஞ்ச இடத்துல விஷத் தூள்னு ஆஸ்பத்திரி எழுதிட்டா, இன்ஸ்பெக்‌ஷன், கேஸ்னு போயிடும். குடோனுக்கே பூட்டுப் போட்டுடுவாங்க. ரெண்டு வருஷத் திட்டம். நீங்களும்தான் உழைப்பைப் போட்டீங்க." அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். "சிகிச்சை செலவு முழுக்க நாம பார்த்துக்கலாம். டஸ்ட்னு மட்டும் சொல்லுங்க. புரியுதா?"

"புரியுது சார்."

"சொல்லிடுவீங்கல்ல?"

திரும்பிப் பார்த்தாள். நதியா மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கையை வைத்துவிட்டார்.

தேஜஸ்ரீ போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

"டாக்டர், இது பஞ்சு இல்லீங்க. லித்தியம் ஹைட்ராக்சைடு. கடுமையான காரம். அஞ்சு நாள் மூடின அறைக்குள்ள இருந்து அதைச் சுவாசிச்சிருக்கார். இன்னும் மூணு பேரும் இருக்காங்க."

டாக்டரின் கை மணியிலிருந்து விலகியது. நம்பாதவர் போல நிமிர்ந்து பார்த்தார்.

"அது திருப்பூர்ல எங்கம்மா இருக்கு?"

"அவிநாசிபாளையத்துல. எங்க கம்பெனி குடோன்ல."

நதியா அவளைப் பார்த்தாள். டாக்டர் சீட்டை வாங்கி, எழுதியதைக் குறுக்கே அடித்தார். எழுந்துகொண்ட ஆரோக்கியராஜை மறுபடியும் உட்காரச் சொன்னார். நர்ஸைக் கூப்பிட்டார்.

"எக்ஸ்ரே ரூம்ல சொல்லுங்க. இவரை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பலை."